பதினொரு கருவண்டும் ஒரு செவ்வண்டும்

அத்தியாயம் 6

முதல் கல் ஓட்டோவின் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் எமில்ராஜின் புருவத்தை உடைத்தது.

"மிஸ், புத்தூர்ச் சனம் பூத் தூவி வரவேற்குது" என்று சொல்லிக்கொண்டே அவன் ஓட்டோவை வீட்டு வாசற் படலைக்குள் திருப்பினான். இடது கண்ணுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணோடு ஓட்டுவது அவனுக்குப் புதிதல்ல. பெற்றோல் வரிசையில் நித்திரை தூங்கிய காலத்தில் இரண்டு கண்ணும் இல்லாமலே ஓட்டியவன்.

பின்னாசனத்தில் குனிந்திருந்த நிலூபா நிமிர்ந்து, மடியில் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டார். ஐம்பது வயது. பதினைந்து வயதில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே இருபது வருடம் விலங்கியல் படிப்பித்து, பிறகு யாழ்ப்பாணம் சோனகதெருவுக்குத் திரும்பி வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தவர். எமில்ராஜ் அவருக்குச் சாரதி, உதவியாளர், சில நாட்களில் சமையற்காரன்.

"அதுகளிலை பிழை சொல்லேலாது, எமில்" என்றார் அவர். "அதுகளின்ரை ஊர் மனுசனை எல்லோ கொன்றுபோட்டாங்கள்."

உண்மைதான். போன செவ்வாய்க்கிழமை, மரமேறி மார்க்கண்டு இந்த ஊர்ப் பனந்தோப்பில் கிடந்தார். கோடாலியின் பின்பக்கத்தால் அடித்து மண்டையைப் பிளந்திருந்தார்கள். அன்று காலை அவரோடு தோப்புக்குள் போனவன் செந்தூரன், பூச்சி ஆராய்ச்சி அதிகாரி. அன்றிலிருந்து அவனைக் காணவில்லை. கொன்றுவிட்டு ஓடிவிட்டான் என்றது பொலிஸ். அதையே ஊரும் நம்பியது. செந்தூரனின் மனைவி சாருஜா மட்டும் நம்பாமல் நிலூபாவைக் கூப்பிட்டிருந்தாள். கொலைகாரன் வீட்டுக்குத் துணை வந்தவர்கள் என்றுதான் கல் விழுந்தது.

வீட்டுக்குள் சாருஜாவோடு ஒரு மனிதர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. எமில்ராஜின் முகத்தைக் கண்டதும் எழுந்து ஓடிப்போய் ஈரத்துணி கொண்டு வந்தவர் அவர்தான்.

"அமத்திப் பிடியும் தம்பி. ஆழமில்லை, தையல் தேவைப்படாது."

"நன்றி சேர். முகத்திலை இருந்த ஒரே நல்ல இடம் அதுதான்."

அவர் சிரித்தார். எமில்ராஜுக்கு அவரைப் பிடித்துப்போனது. செந்தூரன் வேலை செய்த அதே கந்தோரில் மரம் தறிக்கும் அனுமதிப் பிரிவைப் பார்ப்பவராம், பெயர் லியோன். மேசையில் அவர் கொண்டு வந்த மரப்பெட்டி இருந்தது. கண்ணாடி மூடி, தக்கை அடி, அதில் ஊசி குத்திய பூச்சிகள் வரிசையாக. பக்கத்தில் ஓர் அறிக்கை.

"இண்டைக்கு விடிய கந்தோர்ப் படலையடியிலை கிடந்தது" என்றார் லியோன். "அறிக்கையிலை செந்தூரன் கையெழுத்து வைச்சிருக்கிறார். புத்தூர்த் தோப்பிலை நானூறு பனையும் வண்டு துளைச்சுப் பழுதாப் போச்சாம், தறிக்கலாமாம். பெட்டியிலை அதுக்குச் சாட்சி. திங்கக்கிழமை மேலிடத்து விசாரணை இருக்கு. இது அவரின்ரை கையெழுத்துத்தான் எண்டு தங்கச்சி ஒரு கடிதம் எழுதித் தந்தால், மனுசன் உயிரோடை வேலை செய்யிறார், ஓடி ஒளியேல்லை எண்டு நானும் பொலிசுக்குக் கதைப்பன்."

சாருஜா பேனையைக் கையில் எடுத்துவிட்டாள். விரல்கள் நடுங்கின.

நிலூபா பெட்டியை முன்னால் இழுத்து, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கைபேசியால் நாலைந்து படம் பிடித்தார்.

"எத்தினை வண்டு, லியோன்?"

"பன்னிரண்டு மிஸ். நானே எண்ணினனான். பதினொரு கருவண்டு, ஒரு செவ்வண்டு. கீழை பேரும் எழுதியிருக்கு."

"உந்தக் கடைசிச் சிவப்புத்தானே செவ்வண்டு?"

"ஓம் ஓம். தென்னை பனை எல்லாத்தையும் திண்டு முடிக்கிற பிசாசு. எங்கடை ஃபைல் முழுக்க உதின்ரை பேர்தான்."

"நல்ல வண்டு" என்று சொல்லி நிலூபா பெட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு சாருஜாவின் விரல்களிலிருந்து பேனையைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, உம்மடை கை நடுங்குது. நடுங்குற கையாலை எழுதினால் விசாரணையிலை உம்மடை கையெழுத்தையே சந்தேகப்படுவினம். நாளைக்கு ஆறுதலா எழுதிக் குடும்."

லியோன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையாட்டினார். "சரி, நாளைக்கு வாறன்." பெட்டியையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற தன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். படலைக்கு வெளியே நின்ற சனம் அவருக்கு வழி விட்டது.

ஓட்டோ அச்சுவேலிப் பக்கம் திரும்பி ஆவரங்காலைத் தாண்டியது. நிலூபா முன்னால் சாய்ந்து, பெட்டியின் படம் திறந்திருந்த கைபேசியை எமில்ராஜின் தோளுக்கு மேலால் நீட்டினார்.

"விடிய சாருஜா வீட்டை போகமுன்னம் தோப்பிலை ஒரு பனையின்ரை துளைக்குள்ளை விரலை விட்டீரெல்லோ. என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லை மிஸ். வழுவழு எண்டு இருந்தது. ட்ரில் மெசினாலை துளைச்ச மாதிரி."

"ட்ரில் மெசின்தான். கருவண்டுக்கு இருக்கிறது தாடை. கடிச்சுச் சப்பித்தான் உள்ளுக்குப் போகும், சப்பின நாரை வாசலிலை தள்ளி வைக்கும். நார் இல்லாத துளை வண்டு போட்டதில்லை. நானூறு நல்ல பனையை வண்டு திண்டதெண்டு சொல்லித் தறிக்கப் பாக்கிறாங்கள். செந்தூரன் அதைக் கண்டுபிடிச்சிருக்கிறார். இப்ப பெட்டியைப் பாரும். கருவண்டின்ரை முதுகு எப்பிடி இருக்கு?"

"ரெண்டு கதவு சாத்தின மாதிரி. நடுவிலை நேர்கோடு."

"அந்தக் கதவு ரெண்டும் முன் செட்டை. தடிச்சு ஓடு மாதிரிப் போனது. பறக்கிற செட்டை அதுக்குக் கீழை மடிஞ்சு கிடக்கும். வண்டை மற்றப் பூச்சியிலை இருந்து பிரிக்கிறதே அந்த ஓடுதான். ஆராய்ச்சிக்காரர் வண்டுக்கு ஊசி குத்தினால் வலப்பக்க ஓட்டிலை, தோள்பட்டைக்குக் கிட்டக் குத்துவினம். உலகம் முழுக்க அப்பிடித்தான். நடுக்கோட்டிலை ஒருத்தரும் குத்தமாட்டினம், கதவு ரெண்டும் விரிஞ்சு போகும். இதிலை?"

எமில்ராஜ் அச்சுவேலிச் சந்தியில் வேகத்தைக் குறைத்துத் திரையைப் பார்த்தான். பதினொரு கருவண்டு. பதினொன்றிலும் ஊசி நட்டநடுவே இறங்கியிருந்தது.

"அப்ப இதைச் செந்தூரன் குத்தேல்லை. ஆரோ தெரியாதவன் குத்திப்போட்டுக் கள்ளக் கையெழுத்தும் வைச்சிருக்கிறான். செந்தூரனையும் முடிச்சிட்டாங்கள், என்ன மிஸ்?" சாருஜாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவன் மனம் ஓடியது.

"நானும் முதலிலை அப்பிடித்தான் நினைச்சன். பிறகு கடைசியைப் பாத்தன். உந்தச் சிவப்புப் பூச்சியின்ரை முதுகிலை நேர்கோடு இருக்கோ?"

"இல்லை. செட்டை ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறிக் குறுக்கா இருக்கு. தோளிலை ஒரு முக்கோணம்."

"செட்டையின்ரை மேல்பாதி தோல் மாதிரி, நுனி மெல்லிசு. வாயிலை தாடை இல்லை, உறிஞ்சுற குழாய். செவ்வண்டு எண்டால் யானைத் தும்பிக்கை மாதிரி மூக்கும், முதுகிலை ஓடும் இருக்கவேணும். இது வண்டே இல்லை, எமில். மூட்டைப்பூச்சிக்குச் சொந்தக்காரன்."

"நான் கட்டிலிலை வளக்கிறதுக்கே?"

"அதின்ரை பெரியப்பாவின்ரை மகன். இந்த இனத்துக்கு ஊசி குத்துற இடம் வேறை. அந்த முக்கோணத்திலை, நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம். பாரும், ஊசி எங்கை நிக்குதெண்டு."

ஊசி அங்கேதான் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

"வண்டுக்கு எங்கை குத்துறதெண்டு தெரியாத ஒருத்தனுக்கு இது மட்டும் எப்பிடித் தெரியும்?" நிலூபாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "தெரிஞ்சவன்தான் குத்தியிருக்கிறான். நடுக்கோட்டிலை குத்தியும் ஒரு ஓடும் விரியேல்லை, அவ்வளவு பழகின கை. வேணுமெண்டு பதினொண்டைப் பிழையாக் குத்திப்போட்டு, பன்னிரண்டாவதைச் சரியாக் குத்தியிருக்கிறார். பிடிச்சு வைச்சிருக்கிறவனுக்கு வண்டும் தெரியாது, மூட்டைப்பூச்சியும் தெரியாது. அவன்ரை கண்ணுக்கு முன்னாலையே செந்தூரன் கடிதம் எழுதியிருக்கிறார். நான் உயிரோடை இருக்கிறன், இந்தச் சிவப்பு இருக்கிற இடத்திலை இருக்கிறன் எண்டு."

"இது எங்கை இருக்கும்?"

"பருத்தி, இலவு ரெண்டிலையும். இலவங்கொட்டையை உறிஞ்சித்தான் சீவியம். பஞ்சு குவிச்சு வைச்ச இடமெண்டால் ஆயிரக்கணக்கிலை ஊரும். நீர்தான் குடாநாடு முழுக்க ஓடின ஆள். இலவம்பஞ்சு எங்கை குவிச்சு வைக்கிறவை?"

எமில்ராஜ் ஓட்டோவை ஓரம் கட்டியே விட்டான். "வல்வெட்டித்துறையிலை ஒரு பழைய மெத்தைக் கிட்டங்கி இருக்கு மிஸ், பஞ்சுக் களஞ்சியம், கடற்கரை ஒழுங்கையிலை. என்ரை கலியாண மெத்தை அங்கைதான் தைச்சது. மெத்தை இன்னும் இருக்கு, கலியாணம்தான் கிழிஞ்சு போச்சு. கிட்டங்கியைப் பூட்டி ரெண்டு வருசம்."

"ஓடும்!"

தொண்டைமானாற்றுப் பாலத்தில் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. நிலூபா பொலிஸ் பொறுப்பதிகாரியைக் கைபேசியில் பிடித்தார். மூட்டைப்பூச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. நிலூபா சிரிக்கவில்லை. "சேர், நீங்கள் வராமல் விட்டு அங்கை ரெண்டாவது பிணம் கிடந்தால், இந்த அழைப்பின்ரை நேரத்தை நான் நீதவானுக்குச் சொல்லவேண்டி வரும்" என்றார். சிரிப்பு நின்றது. ஜீப் வரும், அரை மணித்தியாலம் செல்லும்.

கிட்டங்கியைச் சுற்றி இடிந்த வீடுகள்தான். உச்சி வெயிலில் ஒழுங்கையில் நாய்கூட இல்லை. வளவுக்குள் ஒரு பெரிய இலவ மரம். அதன் அடியில் வெடித்த காய்களின் மேல் சிவப்புப் பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. முன்கதவு பலகைக் கதவு, வெளியே பூட்டு. பின்பக்க யன்னலில் ஒரு கம்பி இல்லை.

"நான் உள்ளுக்குப் போறன். நீர் முன்னுக்கு நில்லும். பொலிஸ் வந்தால் மட்டும் ஹோர்ன் அடியும்" என்று சொல்லி நிலூபா யன்னலால் ஏறி இறங்கினார்.

எமில்ராஜ் காத்து நின்றான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு உள்ளேயிருந்து அவர் குரல், அவன் ஒருநாளும் கேட்டிராத உடைந்த குரல்.

"எமில், உயிரோடை இருக்கிறார்! சங்கிலியாலை கட்டியிருக்கு. இடக்கை விரல் நாலையும் முறிச்சிருக்கிறாங்கள். எழுதுற கையை மட்டும் விட்டு வைச்சிருக்கிறாங்கள், பாவியள். தண்ணி கொண்டு வாரும்!"

அவன் போத்தலை எடுக்கத் திரும்பியபோது ஒழுங்கை முனையில் சிவப்பு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. லியோன்! எமில்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையை ஆட்டிக்கொண்டு ஓடினான்.

"சேர், நல்ல நேரத்திலை வந்தீங்கள்! செந்தூரன் உள்ளுக்கு இருக்கிறார், உயிரோடை. மிஸ்தான் கண்டுபிடிச்சவ. அவவும் உள்ளுக்குத்தான்."

லியோன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஹெல்மெற்றைக் கழற்றினார். "மிஸ் தனியவோ வந்தவ?"

"நானும் அவவும்தான். பொலிஸ் இன்னும்..."

அவர் எப்படி இங்கே வந்தார் என்ற கேள்வி எமில்ராஜின் மூளையை எட்டியபோது ஹெல்மெற் அவன் வாயை எட்டியிருந்தது. பல்லொன்று நாக்கில் உருண்டது. இரண்டாவது அடி காதோடு விழுந்தது. மண்ணில் விழுந்தவனின் விலாவில் சப்பாத்துக் கால் இரண்டு தரம் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"உம்மடை மிஸ்ஸுக்கு மூளை கூடிப்போச்சு. பெட்டியைப் படம் பிடிக்கேக்கையே விளங்கினது" என்றார் லியோன். மூச்சு வாங்கவில்லை, குரலும் மாறவில்லை. ஈரத்துணி தந்த அதே குரல்.

மண்ணில் கன்னம் அழுந்தியபடி எமில்ராஜ் எல்லாவற்றையும் பார்த்தான். லியோன் மோட்டார் சைக்கிளில் கொழுவியிருந்த பெற்றோல் கானை எடுத்தார். பையிலிருந்து கோடாலியை எடுத்தார். பின்பக்கம் போனார். யன்னலால் திரவம் வீசும் சத்தம். நிலூபா கத்தினார். அடுத்த கணம் 'புஸ்' என்று ஒரு மூச்சு, பெரிய மிருகமொன்று விட்டதுபோல. இலவம்பஞ்சு பற்றிக்கொண்டது.

லியோன் முன்பக்கம் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் கோடாலியோடு நின்றார். உள்ளேயிருந்து கதவில் குத்தும் சத்தம். பலகை இடுக்கால் புகை வந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

எமில்ராஜ் முழங்காலில் ஊர்ந்தான். ஓட்டோவுக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடியில் அவன் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: நான்தான் சொன்னேன், அவ உள்ளுக்கு இருக்கிறா என்று நான்தான் சொன்னேன். உள்ளே ஏறி விழுந்து சாவியைத் திருப்பினான். இயந்திரம் இருமியது. லியோன் திரும்பிப் பார்த்தார்.

கைப்பிடியை முழுதாக முறுக்கினான். உடைந்த கண்ணாடி வழியே லியோனின் முகம் பெரிதாகிக்கொண்டு வந்தது. கோடாலி உயர்ந்தது. எமில்ராஜ் கண்ணை மூடவில்லை. இடி விழுந்தது. முன்சில்லு மனிதனையும் பலகைக் கதவையும் ஒன்றாக உள்ளே தள்ளியது. லியோனின் முழங்கால் பச்சைத் தடிபோல முறிந்த சத்தத்தை அவன் கேட்டான். அலறலையும் கேட்டான்.

புகையும் எரியும் பஞ்சும் வெளியே பறந்தன. அதற்குள்ளிருந்து நிலூபா இருமிக்கொண்டு வந்தார், முக்காட்டு நுனி கருகியிருந்தது. ஒரு தோளில் செந்தூரன். அவனுடைய கணுக்காலில் சங்கிலியும், சங்கிலியின் மறுமுனையில் இற்றுப்போன சுவரிலிருந்து பெயர்ந்த வளையமும் இழுபட்டன. எமில்ராஜ் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவனைத் தாங்கினான். மூவரும் மணலில் விழுந்தார்கள். பிறகு நிலூபா எழுந்து போய், அலறிக்கொண்டிருந்த லியோனை அக்குளில் பிடித்து நெருப்புக்கு வெளியே இழுத்துப் போட்டார். கோடாலியைக் காலால் எட்டத் தள்ளினார்.

பொலிஸ் ஜீப் வந்தபோது கூரை இறங்கிவிட்டது.

செந்தூரனின் உதடு வெடித்திருந்தது. பொறுப்பதிகாரி குனிந்து காதைக் கொடுத்தார்.

"மார்க்கண்டு அண்ணையை உவன்தான் அடிச்சவன். கள்ள அனுமதி குடுத்தவனும் உவன்தான். துளையைக் காட்டி நான் கேக்க, கோடாலியைத் தூக்கினவன் எனக்குத்தான். அண்ணை இடையிலை வந்து விழுந்தார். ஓடு தம்பி எண்டார். எனக்குக் கால் வரேல்லை." அவன் அழுதான். "என்னை முதல் அந்த மனுசன்ரை வீட்டை கொண்டுபோங்கோ. நான் செய்யேல்லை எண்டு அதுகளுக்குச் சொல்லவேணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவம். அவையை நான் அங்கை கூட்டி வாறன்" என்றார் பொறுப்பதிகாரி. கைபேசியில் சிரித்தவரின் முகத்தில் இப்போது ரத்தமில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அம்புலன்ஸ் வரும்வரை எமில்ராஜ் மதிலில் சாய்ந்திருந்தான். ஒரு மனிதனின் மேல் ஓட்டோவை ஏற்றிய கை இன்னும் கைப்பிடியை முறுக்கியபடியே மடங்கிக் கிடந்தது. விரிக்க முடியவில்லை. நிலூபா பக்கத்தில் வந்து இருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"லியோன் எண்டு உங்களுக்கு எப்பவிலை இருந்து தெரியும், மிஸ்?"

"அந்தப் பூச்சியைச் செவ்வண்டு எண்டு பெரிய நிச்சயமாச் சொன்னாரெல்லோ, அப்பவே சந்தேகம். வண்டைத் தெரியாத ஒருத்தர் அந்தப் பெட்டிக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கினால் பிறகு என்ன."

"வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டுதானே வந்தனாங்கள். ஏன் அதை மட்டும் எனக்குச் சொல்லேல்லை?"

வல்வெட்டித்துறைக் கடல் மதிலுக்கு அந்தப் பக்கம் மோதிக்கொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தை நிலூபா தன் முக்காட்டால் துடைத்தார்.

"கடைசியிலை சொன்னால் வடிவா இருக்கும் எண்டு நினைச்சன், எமில்."

அவன் சிரிக்கப் பார்த்தான். விலா விடவில்லை. ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அம்புலன்ஸ் வந்து நின்றது. ஒரு ஆள்தான் கூட வரலாம் என்றார்கள், செந்தூரனோடு போகச் சொல்லிப் பொறுப்பதிகாரி நிலூபாவைக் கை காட்டினார்.

"அவரோடை நீங்கள் போங்கோ சேர்" என்றார் நிலூபா. "நான் எமிலோடை ஜீப்பிலை வாறன்."